மூணாவது தடவையும் செல்ஃப் போயிடுச்சா? பார்ட்டை விடுங்கள், ஒயரைப் பாருங்கள்

பழைய லாரி வைத்திருக்கிறவர்களுக்கு இது பழகிப்போன கதை. காலையில் சென்னை மணலியில் லோடு ஏற்ற வேண்டும், சாவியைத் திருப்பினால் 'டக்'கென்று ஒரு சத்தம், அதோடு சரி. எலக்ட்ரீஷியன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு "செல்ஃப் போயிடுச்சுண்ணே" என்பார், இன்ஜினைச் சுற்றி ஸ்டார்ட் பண்ணுகிற மோட்டாரைத்தான் அப்படிச் சொல்வார்கள். கழற்றுவார், பிரஷ் மாற்றுவார், காயில் கட்டுவார், மாட்டிக் கொடுப்பார். நாலு மாசம் ஓடும், திரும்பவும் 'டக்'. என்னுடைய ஆறு டயர் வண்டியில் ஒரே வருஷத்தில் செல்ஃபை இரண்டு தடவை இறக்கினேன், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற டைனமோவை மூன்று தடவை இறக்கினேன், நடுவில் ஒரு ஜோடி பேட்டரி வேறு வாங்கினேன். கடைசியில் பார்த்தால் கோளாறு இதில் எதிலுமே இல்லை. 8 வருஷம் தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதி என்கிற சான்று) காட்ட வேண்டுமே, அதற்காகச் சேஸிஸுக்குக் கறுப்பு பெயின்ட் அடித்தபோது, இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே இருக்கிற எர்த் கேபிளை, அதாவது கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்புகிற வழியை, கழற்றியவர்கள், அடித்த பெயின்ட் மேலேயே அதைத் திரும்ப வைத்து நட்டை முறுக்கிவிட்டார்கள். பெயின்ட் வழியாகக் கரண்ட் எப்படிப் போகும்? கொஞ்சம் போல்ட் மரை வழியாகப் போயிருக்கிறது, மீதி வண்டியில் எங்கெங்கே இரும்பு இருக்கிறதோ அங்கெல்லாம் வழி தேடியிருக்கிறது. இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, மாதவரத்தில் ஒரு வயசான எலக்ட்ரீஷியன். செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு ஆக்சிலேட்டர் கேபிளைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. "தம்பி, உங்க வண்டிக்கு எர்த்தே இதுல தான் வருது" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கணக்கு. ஒரு பார்ட் ஒரு தடவை போனால் வயசு என்று விட்டுவிடலாம். அதே பார்ட் வருஷத்துக்குள் இரண்டாவது தடவை போனால், அதை வேறு எதுவோ சாகடிக்கிறது, அது எது என்று தெரியாமல் மூன்றாவதை வாங்கக் கூடாது. கண்டுபிடிப்பதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், 24 வோல்ட் 21 வாட் பல்பில் இரண்டு ஒயர் பற்றவைத்த ஒரு டெஸ்ட் லாம்ப், உப்புத்தாள், உதவிக்குச் சாவி திருப்ப ஒரு ஆள். டி.சி. அளக்கிற கிளாம்ப் மீட்டர் இருந்தால் இன்னும் சுலபம், ஆனால் அது இல்லாமலே நான் ரொம்ப நாள் ஓட்டியிருக்கிறேன்.

கீழே சொல்கிற அளவெல்லாம் 24 வோல்ட் வண்டிக்கு, அதாவது இரண்டு 12 வோல்ட் பேட்டரியை வரிசையாக இணைத்திருக்கிற லாரிக்கு. உங்களுடையது 12 வோல்ட் குட்டி யானை மாதிரி வண்டி என்றால், பேட்டரி ஜோடியில் அளக்கச் சொல்கிற வோல்ட்டை மட்டும் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

முதலில் பேட்டரி. வண்டியை ராத்திரி நிறுத்தி, காலையில் ஒன்றையும் தொடுவதற்கு முன்னால் இரண்டு பேட்டரியையும் தனித்தனியாக அளங்கள். 12.6-க்கு மேல் இருந்தால் முழு சார்ஜ், 12.2 பக்கம் வந்தால் பாதி காலி, 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட எதுவுமே இல்லை. இதில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது இரண்டுக்கும் நடுவே இருக்கிற வித்தியாசம். ஒன்று 12.7, இன்னொன்று 12.1 என்று காட்டினால் உங்கள் வண்டியில் யாரோ ஒரு பேட்டரியில் மட்டும் கை வைத்திருக்கிறார்கள்.

யார் என்று கேட்டால், பாட்டுப் பெட்டி மாட்டினவர்தான். கேபினில் பாட்டு வேண்டும், போன் சார்ஜர் வேண்டும், கலர் கலராக எல்.இ.டி. பட்டி வேண்டும். இதெல்லாம் 12 வோல்ட்டில் ஓடும். கடைக்காரர் என்ன செய்வார், இரண்டு பேட்டரிக்கு நடுவில் இருந்து ஒரு ஒயரை இழுத்துவிடுவார். உடனே வேலை செய்யும், நமக்கும் சந்தோஷம். ஆனால் அந்த ஒரு பேட்டரி மட்டும் தினமும் கூடுதலாக இறங்குகிறது. டைனமோவுக்கு இரண்டும் சேர்ந்த வோல்டேஜ் மட்டும்தான் தெரியும், 28 வந்தால் போதும் என்று அது நினைத்துக்கொள்ளும். இறங்கின பேட்டரி 13 சொச்சத்தில் நிற்க, மற்றது 15 வரை போய்க் கொதிக்கும். ஒன்று பட்டினியில் சாகிறது, மற்றது தின்று தின்று சாகிறது. அப்புறம் நாம் ஒன்றை மட்டும் மாற்றுவோம், புதுசையும் பழசு கெடுக்கும். மாற்றினால் இரண்டையும் ஒரே கம்பெனி, ஒரே ஆம்பியர்-ஹவர் (பேட்டரியின் கொள்ளளவு), ஒரே தேதியில் மாற்றுங்கள். 12 வோல்ட் சாமான் வேண்டுமென்றால் 24-லிருந்து 12-க்கு மாற்றுகிற கன்வெர்ட்டர் ஒன்று வாங்கி மாட்டுங்கள். ஒரு பேட்டரி விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

பேட்டரி சரியாக இருக்கிறது, ஆனாலும் செல்ஃப் திணறுகிறது என்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்குக் கட்டை கொடுங்கள். இன்ஜின் பற்றிவிடாமல் இருக்க ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். இப்போது மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸ் கம்பத்தின் மேலேயே வையுங்கள், கிளாம்ப்பில் இல்லை, நடுவில் இருக்கிற ஈயக் கம்பத்தில். இன்னொரு முனையைச் செல்ஃப் மோட்டாரின் உடம்பில் சுரண்டி வையுங்கள். செல்ஃப் அடிக்கும்போது மீட்டர் அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். என் வண்டி 4 வோல்ட்டுக்கு மேல் காட்டியது, அதாவது பேட்டரியிலிருந்து புறப்பட்டதில் அவ்வளவும் எர்த் வழியிலேயே தின்று தீர்ந்துவிட்டது. அப்புறம் ஒவ்வொரு துண்டாகப் போங்கள்: கம்பத்துக்கும் கிளாம்ப்புக்கும், கிளாம்ப்புக்கும் சேஸிஸுக்கும், சேஸிஸுக்கும் இன்ஜினுக்கும். எந்த இடத்தில் மீட்டர் துள்ளுகிறதோ அங்கேதான் பெயின்ட்டோ, துருவோ, லூஸ் நட்டோ இருக்கிறது. பிளஸ் பக்கமும் இதே மாதிரி பேட்டரி கம்பத்திலிருந்து செல்ஃபின் பெரிய போல்ட் வரைக்கும் பாருங்கள். நடுவில் பேட்டரியை மொத்தமாகத் துண்டிக்கிற கட் ஆஃப் சுவிட்ச் இருந்தால் அதன் இரண்டு பக்கமும் தனியாக அளங்கள், உள்ளே கருகிப்போய் வெளியே பளபளவென்று இருக்கிற கட் ஆஃப் சுவிட்ச் நிறைய. அதே சமயம் பேட்டரி ஜோடியின் மொத்த வோல்டேஜையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், செல்ஃப் அடிக்கும்போது 19-க்குக் கீழே விழுந்தால் குறை பேட்டரியிலும் இருக்கலாம், செல்ஃப் ஜாம் ஆகி அதிகக் கரண்ட் இழுக்கவும் செய்யலாம்.

ரெசிஸ்டன்ஸ் அளந்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். போதாது. பின்னல் கேபிளில் எல்லா இழையும் அறுந்து ஒரே ஒரு இழை மிஞ்சி இருந்தாலும் மீட்டர் 'பீப்' என்று சொல்லிவிடும், ஆனால் செல்ஃபுக்கு வேண்டிய நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதில் போகாது. கரண்ட் ஓடும்போது அளந்தால்தான் உண்மை வெளியே வரும்.

வோல்டேஜ் குறைந்தால் செல்ஃப் ஏன் சாகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். செல்ஃபுக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற காந்த சுவிட்சான சொலினாய்டுக்குப் பலம் போதாமல் உள்ளே இருக்கிற செம்புத் தட்டு முழுசாக ஒட்டாமல் 'டக டக டக' என்று தட்டும், ஒவ்வொரு தட்டிலும் தீப்பொறி பறந்து அந்தத் தட்டு கருகும். மோட்டார் மெதுவாகச் சுற்றினால் கரண்ட் இன்னும் அதிகமாக இழுக்கும், காயில் வெந்துபோகும். நாமும் எரிச்சலில் சாவியை விடாமல் பிடித்துக்கொண்டே இருப்போம். ஒரு தடவைக்கு 10 செகண்டுக்கு மேல் அடிக்காதீர்கள், அடுத்த தடவைக்கு முன் ஒரு அரை நிமிஷமாவது விடுங்கள்.

எர்த்தைச் சரி செய்வது அரை மணி நேர வேலை. முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள், மாட்டும்போது அதுதான் கடைசி. கை மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றி வைத்துவிடுங்கள், ஸ்பேனர் பிளஸ்ஸையும் சேஸிஸையும் சேர்த்துத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. சேஸிஸில் கேபிள் உட்காருகிற இடத்தை இரும்பு வெள்ளையாகத் தெரிகிற வரை உப்புத்தாளால் தேயுங்கள், ஸ்டார் வாஷர் போட்டு இறுக்குங்கள், அதற்கு அப்புறம் மேலே வாசலின் தடவுங்கள் அல்லது பெயின்ட் அடியுங்கள். இறுக்கிய பிறகுதான் பெயின்ட், அந்த வரிசைதான் முக்கியம். நான் இன்ஜினுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நேராக இன்னொரு தடித்த கேபிளே போட்டுவிட்டேன்.

அடுத்தது டைனமோ. உண்மையில் இது ஆல்டர்னேட்டர், ஆனால் நம் ஊரில் டைனமோ என்றே பேர் நின்றுவிட்டது, பேரோடு சேர்ந்து ஒரு கெட்ட பழக்கமும் நின்றுவிட்டது. வண்டி ஓடும்போது பேட்டரி ஒயரைப் பிடுங்கிப் பார்ப்பது, வண்டி நிற்காமல் ஓடினால் டைனமோ நல்லது என்று சொல்வது. அது அந்தக் கால நிஜ டைனமோவுக்குச் சொன்ன வைத்தியம், அப்போதே நல்ல வைத்தியம் இல்லை. ஆல்டர்னேட்டரில் அப்படிப் பிடுங்கினால் வோல்டேஜ் ஒரு கணம் எகிறி, உள்ளே ஏ.சி.யை டி.சி.யாக்குகிற டயோடையும், வோல்டேஜைக் கட்டுப்படுத்துகிற கட் அவுட்டையும் (ரெகுலேட்டர்) கொன்றுவிடும். அதோடு டீசல் வண்டி, பழைய மெக்கானிக்கல் பம்ப் வைத்தது, டைனமோவே இல்லாவிட்டாலும் ஓடும். அந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. லூஸான டெர்மினல் வைத்துக்கொண்டு மேடு பள்ளத்தில் ஓடுகிற வண்டியில் இதே பிடுங்கல் ஒரு நாளைக்கு நூறு தடவை தானாகவே நடக்கிறது. பெயின்ட் மேல் உட்கார்ந்த எர்த்தும் லூஸ் டெர்மினல் மாதிரிதான், என் மூன்று டைனமோவும் போனது அப்படித்தான்.

சரியான சோதனை இது. இன்ஜின் ஓடும்போது, கொஞ்சம் ரேஸ் கொடுத்து, பேட்டரி ஜோடியில் அளங்கள். 27.5-லிருந்து 28.5 வரை இருந்தால் நல்லது. ஹெட்லைட், வைப்பர் எல்லாம் போட்டும் 27 பக்கம் நிற்க வேண்டும். 26-க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏறவில்லை. 29.5-ஐத் தாண்டினால் கட் அவுட் கெட்டுவிட்டது, பல்பு அடிக்கடி ஃபியூஸ் ஆகிறது, பேட்டரி தண்ணீர் சீக்கிரம் வற்றுகிறது என்றால் காரணம் இதுதான். அப்புறம் மீட்டரை ஏ.சி.க்கு மாற்றி அதே இடத்தில் வையுங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடு ஒன்று போயிருக்கிறது. ஒரு எச்சரிக்கை, சில மலிவு மீட்டர்கள் ஏ.சி.யில் வைத்தாலும் டி.சி.யைச் சேர்த்துக் காட்டும், 50, 60 என்று வந்தால் பயப்படாதீர்கள், அந்த மீட்டரில் இந்தச் சோதனை வேண்டாம். கையாலேயே ஒன்று பார்க்கலாம்: காலையில் இன்ஜின் சில்லென்று இருக்கும்போது டைனமோ மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் டயோடு வழியாக ராத்திரி முழுக்கப் பேட்டரி கசிந்திருக்கிறது.

டைனமோவை இறக்குவதற்கு முன் டேஷ்போர்டில் இருக்கிற சார்ஜ் லைட்டைப் பாருங்கள். சாவியைத் திருப்பியதும் எரிகிறதா? பழைய வண்டிகள் நிறையவற்றில் அந்தச் சின்ன பல்பு வழியாகத்தான் டைனமோவுக்கு முதல் கரண்ட் போகிறது. அந்த பல்பு ஃபியூஸ் ஆனால் டைனமோ எழுந்திருக்காது, இல்லையென்றால் நன்றாக ரேஸ் கொடுத்தால்தான் எழுந்திருக்கும். அழகுக்காக அந்த இடத்தில் எல்.இ.டி. மாட்டினாலும் அதே கதை, ஏனென்றால் எல்.இ.டி. வழியாகப் போகிற கரண்ட் போதாது. ஒரு சின்ன பல்புக்காக டைனமோவை மாற்றினவர்களை எனக்குத் தெரியும்.

பெல்ட்டையும் விடாதீர்கள். நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவு உள்ளே போக வேண்டும். லூஸாக இருந்தால் சார்ஜ் ஏறாது, ரொம்ப டைட்டாக இருந்தால் பேரிங் போகும். மேலேயிருந்து ஆயில் சொட்டுகிறதா என்றும் பாருங்கள், சொட்டுகிற ஆயில் பிரஷ்ஷில் போய் ஒட்டினால் எத்தனை பிரஷ் மாற்றினாலும் நிற்காது. சில சின்ன வண்டிகளில் பிரேக்குக்கான வாக்யூம் பம்ப் டைனமோ பின்னாலேயே இருக்கும், அதன் சீல் கசிந்தால் ஆயில் நேராக உள்ளேயே போகும். முதலில் சீல், அப்புறம்தான் டைனமோ.

ஞாயிறு நிறுத்தினால் செவ்வாய்க்கிழமை பேட்டரி காலி என்கிற ரகம் தனி. மைனஸ் ஒயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து, கம்பத்துக்கும் ஒயருக்கும் நடுவே இணையுங்கள். எல்லாம் ஆஃப். தவறியும் செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும். ஜி.பி.எஸ். மட்டும் இருக்கிற வண்டியில் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். ஒரு ஆம்பியர் காட்டினால் இரண்டு நாளில் 48 ஆம்பியர்-ஹவர் காணாமல் போகும், கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள், எதைப் பிடுங்கினால் அளவு விழுகிறதோ அந்த லைனில்தான் கசிவு. எதைப் பிடுங்கினாலும் விழவில்லையென்றால், ஃபியூஸ் வழியாகப் போகாத ஒயர், அதாவது டைனமோ, செல்ஃப், அப்புறம் யாரோ நேராகப் பேட்டரியில் சொருகின ஏதோ ஒன்று.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று அந்த இடத்தில் கம்பியை முறுக்கி வைக்கிற வேலை வேண்டவே வேண்டாம். வண்டி எரிந்தது என்று கேள்விப்படுகிற கதைகளில் பாதி அங்கேதான் ஆரம்பிக்கும் என்பது என் சந்தேகம். பம்பரில் நாலு 100 வாட் லைட் கூடுதலாக மாட்டினால் 400 வாட், 24 வோல்ட்டில் கிட்டத்தட்ட 17 ஆம்பியர். இதை டேஷ்போர்டு சுவிட்ச் வழியாக நேராக விட்டால் சுவிட்ச் உருகும். ரிலே போடுங்கள், சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறக்கிற சுவிட்ச் அது, அதன் கால்களில் நம்பர் இருக்கும்: 30-க்குப் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ஒயர், 87-லிருந்து லைட்டுக்கு, 85, 86-இல் ஒன்று சுவிட்சுக்கு, ஒன்று எர்த்துக்கு. ஒயர் மெல்லிசாக இருந்தால் ரிலே போட்டும் பிரயோசனமில்லை. ஃபியூஸ் ஒயரைக் காப்பாற்றத்தான், அதனால் பேட்டரி பக்கத்திலேயே இருக்கட்டும்.

இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து மினுக்குகிறதா? பின்னால் லைட்டுக்குப் போகிற எர்த் போயிருக்கிறது, பல்பை மாற்றாதீர்கள்.

நம் ஊர் காற்றைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் கடலோரமாகக் கன்டெய்னர் வரிசையில் நாள் கணக்கில் நிற்கிற வண்டிக்கும் கடலை விட்டு உள்ளே தள்ளி ஓடுகிற வண்டிக்கும் ஒயரிங்கில் வித்தியாசம் கண்ணாலேயே தெரியும். உப்புக் காற்று ஒயர் முனை வழியாக உள்ளே ஏறி, மேல் தோல் நன்றாக இருக்கும்போதே செம்பைக் கறுப்பாகவோ பச்சையாகவோ ஆக்கிவிடும். ஒயரை வளைத்தால் நொறுநொறுவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். பளிச்சென்று செம்பு தெரிகிற வரை வெட்டிக்கொண்டே போங்கள், தெரியவே இல்லையென்றால் ஒயரை மாற்றுங்கள். முறுக்கி டேப் சுற்றுகிற ஜாயின்ட் நம் சித்திரை, வைகாசி வெயிலுக்குத் தாங்காது, பசை உருகி டேப் அவிழ்ந்து தொங்கும். ஒயர் முனைக்குச் சரியான லக் (உலோக மூடி) போட்டு நன்றாக அமுக்கி, மேலே சூட்டில் சுருங்குகிற சிலீவ் போடுங்கள். ஐப்பசி பிறப்பதற்கு முன்னால், அக்டோபர் மழை வருவதற்குள், பின் லைட் கனெக்டர், பேட்டரி டெர்மினல், எர்த் எல்லாவற்றையும் ஒரு தடவை கழற்றித் துடைத்து மாட்டினால் மார்கழி வரை நிம்மதி. டெர்மினலில் பூத்த வெள்ளையை வெந்நீரில் ஆப்ப சோடா கலந்து ஊற்றினால் போய்விடும், செல்லுக்குள் மட்டும் போகக் கூடாது. வாட்டர் சர்வீஸில் பிரஷர் தண்ணீரை டைனமோ மேலேயும் ஃபியூஸ் பாக்ஸ் மேலேயும் அடிக்க விடாதீர்கள். தேங்கிய வெள்ளத்தில் செல்ஃப் முங்கிவிட்டால் கழற்றிக் காயவைத்து, சேறு எடுத்து, அப்புறம்தான் அடிக்க வேண்டும். வெயில் காலத்தில் 15 நாளைக்கு ஒரு தடவை பேட்டரி தண்ணீர் பாருங்கள், டிஸ்டில்டு வாட்டர் மட்டும். ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரும் அதுவும் ஒன்றுதான் என்று அடித்துச் சொல்கிறவர்கள் எல்லா செட்டிலும் ஒருத்தர் இருப்பார், அவருடைய பேட்டரி எத்தனை மாசம் வருகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

பாடி வெல்டிங் வைக்கும்போது இரண்டு பேட்டரி ஒயரையும் டைனமோ ஒயரையும் கழற்றச் சொல்லுங்கள், வெல்டிங் எர்த்தைப் பற்றவைக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். எங்கோ பின்னால் மாட்டினால் அந்தக் கரண்ட் வண்டி முழுக்கச் சுற்றி வரும்.

பார்ட் வாங்கியே ஆக வேண்டும் என்று வந்தால், புதுசுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழசுக்குப் புதுப்பேட்டை, இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். பழசு வாங்கினால் மேலே இருக்கிற தகட்டில் வோல்ட்டும் ஆம்பியரும் படியுங்கள், தகடே இல்லாதது வேண்டாம், கையால் சுற்றி பேரிங் சத்தம் கேளுங்கள், கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ரிப்பேருக்குக் கொடுத்தால் மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள், கருகியது டயோடா, தேய்ந்தது பிரஷ்ஷா, உடைந்தது பேரிங்கா என்று பார்த்தால்தான் அடுத்து எதைத் தேடுவது என்று தெரியும். ஒரு நாப்பது பக்க நோட்டில் தேதி, கிலோமீட்டர், மாற்றியது என்ன, மாற்றிய அன்று சார்ஜிங் எவ்வளவு, எர்த்தில் எவ்வளவு விழுந்தது என்று எழுதி வையுங்கள். என் நோட்டில் இப்போது செல்ஃப் பற்றிக் கடைசி வரி மூன்று வருஷத்துக்கு முந்தையது.

வழியில் டைனமோ போய்விட்டால் என்ன செய்வது என்று டிரைவர் பசங்க கேட்பார்கள். பகல் என்றால் லைட், பாட்டு, ஃபேன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, இன்ஜினை நிறுத்தாமல் வாருங்கள், மெக்கானிக்கல் பம்ப் வண்டி வந்துவிடும், பேட்டரி பிரேக் லைட்டுக்கும் ஹார்னுக்கும் தாங்கும். ஆனால் டைனமோவும் வாட்டர் பம்பும் ஒரே பெல்ட்டில் ஓடுகிற வண்டியில் முதலில் பெல்ட் இருக்கிறதா என்று பாருங்கள், அது அறுந்திருந்தால் இன்ஜின் சூடாகி வேறு பெரிய செலவு. சாயங்காலம் ஆகிவிட்டால் செங்குன்றம் பக்கம் எங்காவது ஓரம் கட்டிப் படுத்துவிடுங்கள், விடிந்ததும் கிளம்பலாம்.